இந்தத் தடவை என் முறை

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: அட்டர்னி ஜெனரலின் பணியும் பொறுப்பும். ஓய்வு பெற்றவளுக்குத் தலைப்புக் கொடுப்பது மாமியாருக்குச் சமையல் குறிப்புக் கொடுப்பது மாதிரி. மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில் நம் கைப்பக்குவத்தில்தான் செய்வோம்.

அந்தப் பதவியைப் பற்றி உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் வேண்டிய மட்டும் இருக்கிறது. நம்மூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஏற்படும் ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்து வைக்கிறேன். இந்தியாவில் அட்டர்னி ஜெனரல் என்றால் அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லி, அதற்காக நீதிமன்றத்தில் வாதாடும் மூத்த வழக்கறிஞர். இங்கே வளைகுடாவில் அதே பெயர் கொண்டவர், குற்ற வழக்குகளை நடத்தும் துறைக்கே தலைவர். போலீஸ் ஒருவரைப் பிடித்து வந்தால், விசாரித்து, வழக்குப் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது அந்தத் துறைதான். விசாரணை அறையில் உட்கார்ந்திருக்கும் அரசு வழக்கறிஞர் ஒவ்வொருவரும் தலைவருடைய அதிகாரத்தில்தான் கையெழுத்துப் போடுகிறார். அவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நடுவே ஒரு நாற்காலி உண்டு. அதில்தான் நாம் உட்காருகிறோம்.

என் அப்பா பஹ்ரைனில், ஈசா டவுனில், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். பக்கத்து வீட்டு அரபுப் பிள்ளைகளோடு சண்டை போட்டே அரபி கற்றுக்கொண்டவள் நான். இன்றைக்கும் அந்த மொழியில் எனக்குக் கோபம்தான் இலக்கண சுத்தமாக வரும். பிறகு சென்னையில் சட்டம் படித்தேன். கல்யாணமாகி அமீரகத்துக்கு வந்தேன். கணவர் முசஃபாவில் ஒரு பட்டறையில் மேனேஜர். வீட்டில் சும்மா இருந்து அவரை விசாரிப்பதைவிட, வெளியே போய் நாலு பேர் விசாரிப்பதற்கு உதவலாமே என்று இந்த வேலைக்கு மனுப் போட்டேன். அவரும் அதைத்தான் சொன்னார், கொஞ்சம் அதிக உற்சாகமாக.

விசாரணை அறைக்குள் வந்ததும் நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம், மொழிபெயர்ப்பாளரைச் சொந்தக்காரர் ஆக்கிக்கொள்வது. எந்த ஊர் என்பார்கள். சாப்பிட்டீங்களா என்பார்கள். ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்த கையோடு, "சார், என்னைப் பத்தி இந்த அக்காகிட்டயே கேட்டுப் பாருங்க, நான் அப்படிப்பட்ட ஆளே இல்ல" என்று வழக்கறிஞரிடம் என்னைச் சாட்சிக்கு இழுத்தார். அவரை அதற்கு முன் நான் பார்த்ததே கிடையாது. அதையும் அரபியில் சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் சிரிப்புக்குச் சொல்கிறேன். ஆனால் அந்தச் சொந்தம் சிரிப்பாகவே முடிந்துவிடாத ஒரு நாளும் வந்தது.

தொழில்பேட்டையில் ஒரு கம்பெனியின் யார்டு. சாமான் தூக்கும் ஃபோர்க்லிஃப்டை யாரோ பின்னால் எடுத்தபோது, அங்கே நின்றிருந்த ஃபோர்மேனின் கால்மேல் ஏறி எலும்பு முறிந்துவிட்டது. ஃபோர்மேன் பாகிஸ்தான்காரர், எல்லோருக்கும் கான் பாய். வண்டியை எடுத்தவரிடம் அதற்கான லைசென்ஸ் இல்லை. போலீஸ் வந்து கேட்டதும் ஒருவர் முன்வந்து, நான்தான் என்று ஒப்புக்கொண்டார். அவர் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். இங்கே செல்வம் என்று வைத்துக்கொள்வோம்.

அன்று விசாரித்த அரசு வழக்கறிஞர் இளைஞர். நாங்கள் சுருக்கமாக வக்கீல் என்போம். கெட்டிக்காரர், சுறுசுறுப்பானவர். அன்று அவர் மேசையில் கோப்புகள் குவிந்திருந்தன. ஒப்புதல் உள்ள வழக்கு என்றால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

ஆரம்பிக்கும் முன் செல்வத்திடம் நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "இந்த அறையில உங்க வாயிலேர்ந்து வர்ற எல்லாத்தையும் நான் அரபில சொல்லுவேன். எனக்குன்னு தனியா எதுவும் சொல்லாதீங்க." விமானத்தில் பணிப்பெண் பெல்ட் மாட்டிக் காட்டும்போது தலையாட்டுவோமே, அப்படித் தலையாட்டினார்.

"வண்டியை எடுத்தது யார்?" என்றார் வக்கீல்.

"நான்தான் சார். தப்புதான். மன்னிச்சுருங்க."

"லைசென்ஸ் இல்லாமல் ஏன் எடுத்தாய்?"

செல்வம் அதற்குத் தயாராக வரவில்லை. என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். இத அவருக்குச் சொல்லிராதீங்க. வண்டிய எடுத்தது நான் இல்ல. ஆனா இந்தத் தடவ என் முறை."

"என்ன சொல்கிறார்?" என்று வக்கீல் பேனாவோடு காத்திருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். உங்களில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு கணம் வரும். எதிரே இருப்பவன் நம் மொழிக்காரன். அக்கா என்று கூப்பிட்டு ஒரு ரகசியத்தை நம் மடியில் போட்டிருக்கிறான். அதை விழுங்கினால் செய்யாத குற்றத்துக்கு அவன் உள்ளே போவான். சொன்னால் அவன் யாரைக் காப்பாற்ற வந்தானோ அந்த ஆள் மாட்டுவான். மூன்றாவதாக ஒரு குறுக்கு வழியும் தோன்றும். 'எனக்கென்னவோ இவர் சொல்வது உண்மை என்று படவில்லை' என்று நாமே இரண்டு வார்த்தை போட்டுவிடலாம். அது தர்மம் போலவே இருக்கும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். 'அக்கா' என்று அழைத்ததையும், 'உங்ககிட்ட மட்டும்' என்றதையும், 'அவருக்குச் சொல்லிராதீங்க' என்று கேட்டுக்கொண்டதையும், ஒன்று விடாமல்.

செல்வம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, இவ்வளவு நீளமா என்னா சொன்னீங்க?"

"நீங்க சொன்னது எல்லாம்."

"அடப்பாவி அக்கா!"

அதையும் அரபியில் சொன்னேன். வக்கீல் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

திரும்பியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "முறை என்றால் என்ன?" என்று கேட்டார்.

வேறு வழியில்லாமல் செல்வம் விளக்கினார். அவர்கள் சேர்ந்து தங்கும் கேம்ப் அறையில் எல்லாமே முறைதான். சமையல் முறை, பாத்ரூம் கழுவும் முறை, தண்ணி கேன் தூக்கும் முறை. வம்பு வந்தாலும் அப்படியே. போன வருஷம் அறையில் திருட்டுத்தனமாக அடுப்பு வைத்திருந்ததை கேம்ப் பாஸ் கண்டுபிடித்தபோது, நான்தான் வைத்தேன் என்று முன்வந்தவன் குமார். அவன் வைக்கவே இல்லை. ஆனால் அது அவன் முறை. லீவு நாளான வெள்ளிக்கிழமையெல்லாம் டூட்டி பார்த்து அந்தத் தண்டனையைக் கழித்தான். இப்போது நிஜமாகவே வண்டியை எடுத்தது குமார். அவனுக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமாகி, லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. அறையில் உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த முறை செல்வத்துடையது.

"உனக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்று நினைத்தாய்?" என்றார் வக்கீல்.

"திட்டுவாங்க சார். நாலு பேரு முன்னாடி மன்னிப்புக் கேக்கச் சொல்லுவாங்க. அதோட கலாஸ்."

ஊர்ப் பஞ்சாயத்தில் அப்படித்தான். தப்பை ஒத்துக்கொண்டு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டால் பெரியவர்கள் 'சரி போ' என்று விட்டுவிடுவார்கள். இவர்கள் அந்தக் கணக்கை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இது சிறைக்குப் போகக்கூடிய வழக்கு, தண்டனை முடிந்தால் நாட்டை விட்டே அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்று வக்கீல் சொல்லச் சொன்னார். சொன்னேன். செல்வத்தின் முகம் செத்துவிட்டது.

"அப்ப குமாரு மாட்டுனா அவனுக்கும் இதேதானே?"

"ஆமாம்."

"அப்பன்னா எழுதிக்கச் சொல்லுங்கக்கா. வண்டிய எடுத்தது நான்தான். இப்ப சொன்னதெல்லாம் பொய்யி."

தண்டனை சின்னது என்று நினைத்து வந்தவனுக்குப் பெரிது என்று தெரிந்ததும், கால் பின்னால் போகவில்லை, முன்னால் வந்தது. அன்று அந்த மனிதர்மேல் எனக்கு வந்த அன்பை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. ஆனால் அன்று என் குரலில் அது வரக்கூடாது. 'எழுதிக்கச் சொல்லுங்க' என்பதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றே சொல்லி முடித்தேன்.

வக்கீலுக்கு எரிச்சல். அன்று மாலைக்குள் செல்வத்தைக் காவலில் வைப்பதா விடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். கையில் இருப்பதோ ஓர் ஒப்புதல், ஒரு மறுப்பு, மறுபடியும் ஓர் ஒப்புதல். கோப்பை எடுத்துக்கொண்டு மேல் மாடிக்குப் போனார். சற்று நேரத்தில் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அட்டர்னி ஜெனரலை எங்களுக்குள் 'பெரியவர்' என்போம். மெல்லிய குரல், அவசரமே தெரியாத நடை. ஒப்புதலும் மறுப்பும் என் காது வழியாக வந்தவை என்பதால் என்னை நேரில் பார்க்க விரும்பியிருக்கிறார். அரபுக் காப்பியான காவாவை ஊற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்: "நீங்கள் அவருடைய நாட்டுக்காரர். அவர் சொன்ன இரண்டில் எது உண்மை என்று நினைக்கிறீர்கள்?"

பதில் நாக்கு நுனியில் நின்றது. ரகசியமாகச் சொன்னதுதான் ஐயா, சத்தியமாக ரகசியமாகச் சொன்னதுதான் என்று கத்தலாம் போல இருந்தது. ஒரு மனிதனின் வாழ்க்கை அது. ஆனால் ஒரு தடவை நான் நினைப்பதைச் சொல்ல ஆரம்பித்தால், பிறகு என் வாயிலிருந்து வருவதில் எது அவர்கள் சொன்னது, எது நான் நினைத்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. இன்றைக்கு எனக்குச் செல்வத்தைப் பிடித்திருக்கிறது. நாளைக்குப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்காத ஒருவன் அதே நாற்காலியில் வந்து உட்காருவான். அவன் கதி?

"கேட்டதை ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டேன் ஐயா. நினைப்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை" என்றேன்.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு வக்கீலைப் பார்த்தார்.

"அந்த ஆளுக்கு அந்த வண்டியை ஓட்டத் தெரியுமா?"

"கேட்கவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று..."

"போய்க் கேளுங்கள். அவரிடம் வேண்டாம். வண்டியிடம் கேளுங்கள்."

மத்தியான வெயிலில் யார்டுக்குப் போனோம். வக்கீல், இரண்டு போலீஸ்காரர்கள், செல்வம், நான். ஆஸ்பத்திரியிலிருந்து கேம்புக்குத் திரும்பியிருந்த கான் பாயையும், விபத்தன்று எங்கே நின்றார் என்று காட்டுவதற்காக வரச் சொல்லியிருந்தார்கள். மாவுக்கட்டுக் காலை ஒரு பெட்டிமேல் நீட்டி, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் வேலை செய்வதுபோல் நின்றார்கள்.

"அன்று எடுத்ததுபோல் எடுத்துக் காட்டு" என்றார் வக்கீல். மெக்கானிக் ஒருவர் ஆபத்து வந்தால் வண்டியை நிறுத்தத் தயாராகப் பக்கத்திலேயே நின்றார்.

செல்வம் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு பட்டனை அழுத்தினார். ஹாரன் அடித்தது. இன்னொரு லிவரை இழுத்தார். வண்டி அசையவில்லை, முன்னால் இருந்த இரண்டு இரும்புக் கைகள் மட்டும் சாமிக்கு ஆரத்தி காட்டுவதுபோல் மெல்ல மேலே போயின. பதறிப்போய் மறுபடி ஹாரனை அழுத்தினார். யார்டு முழுக்கச் சிரிப்பு. போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொள்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "டேய், எறங்குடா! அத இழுக்காதடா, மண்டையில விழும்!"

ஒல்லியாக ஓர் ஆள் ஓடிவந்து வண்டியை அணைத்தான். அணைத்த கையோடு வக்கீலின் முன்னால் வந்து நின்றான். "மேடம், சார்ட்ட சொல்லுங்க. அன்னைக்கு எடுத்தது நான்தான். என் பேரு குமாரு."

"போடா உள்ள!" என்று செல்வம் வண்டிமேலிருந்தே கத்தினார். "ஒனக்குக் கல்யாணம்டா! இது என் முறைடா!"

"ஒன் முறையா? ஹாரன் அடிக்கிறதா ஒன் முறை? இத்தன நாளா ராத்திரி தூங்கல நான். நீ உள்ள இருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாலய மாத்துவேன்?"

"என்ன சண்டை?" என்று கேட்டார் வக்கீல்.

"குற்றம் யாருடையது என்று."

"ஒருவர்மேல் ஒருவர் போடுகிறார்களா?"

"இல்லை. ஆளுக்கு ஆள் தனக்குத்தான் வேண்டும் என்கிறார்கள்."

இருவரும் ஒரே நேரத்தில் கத்த, நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி அரபியில் சொல்ல, என் கழுத்து சுளுக்கிக்கொண்டது. உத்தியோகக் காலத்தில் எனக்கு ஏற்பட்ட ஒரே காயம் அதுதான்.

சண்டையை நிறுத்தியவர் கான் பாய். கைத்தடியால் பெட்டியைத் தட்டினார். "பஸ் கரோ யார், போதும்!" என்றார். பிறகு வக்கீலைப் பார்த்து இந்தியில் பேசினார். இந்த ஊர் அரபிகளுக்கு இந்தி ஓரளவு புரியும் என்பதால் அங்கே எனக்கு வேலையில்லை. குமாரை வண்டியை எடுக்கச் சொன்னதே கான் பாய்தான். லைசென்ஸ் உள்ள டிரைவர் ஊருக்குப் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. வேறு ஆள் தாருங்கள் என்று கேட்டால், இருப்பவர்களை வைத்து ஜல்தி முடி என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நான் சொல்லித்தான் எடுத்தான், நான்தான் பார்க்காமல் பின்னால் போய் நின்றேன் என்றார். முதலில் போலீஸ் கேட்டபோது, யார் ஓட்டினார்கள் என்று பார்க்கவில்லை என்று அவரும் ஒரு பொய் சொல்லியிருந்தார். எனக்கு யார்மேலும் புகார் இல்லை என்று முடித்தார்.

ஆக, அந்த யார்டில் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறார்கள். யாருடைய பொய்யும் அவரவருக்காக மட்டும் சொன்னது இல்லை.

அதற்காகச் சட்டம் எல்லோரையும் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடவில்லை. லைசென்ஸ் இல்லாதவரை வைத்து வேலை வாங்கியதற்குக் கம்பெனி பதில் சொல்ல வேண்டியதாயிற்று. குமாருக்கு அபராதம் விழுந்தது. காயம்பட்டவர் புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்ததால், சட்டம் அனுமதிக்கிற வழியில் மற்றது முடிந்தது. வழக்குக்காகப் போட்டிருந்த பயணத் தடை நீங்கி, குமார் லீவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, ஊருக்குப் போய் மாலையை மாற்றினான். விசாரணையில் பொய் சொன்னதற்காகச் செல்வத்தின்மேல் வழக்குப் போட முடியும். வக்கீல் அந்தக் கோப்பைப் பெரியவரிடம் கொண்டுபோனார். கடுமையாக எச்சரித்து விட்டுவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. வழக்குப் போடும் அதிகாரம் மாதிரியே, வேண்டாம் என்று மூடும் அதிகாரமும் அந்த மேசைக்கு உண்டு. உங்கள் புத்தகத்தில் அது ஒரு வரியில் இருக்கும். அந்த ஒரு வரியை அன்று நான் கண்ணால் பார்த்தேன்.

செல்வத்தை விடுவிக்கிற அன்று, எச்சரிக்கையைப் படித்துக் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். வக்கீல் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு படித்தார், நானும் கடுமையாகவே மொழிபெயர்த்தேன். செல்வம் கையெழுத்துப் போட்டார். போகவில்லை. நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, சார்ட்ட ஒண்ணு கேக்கணும். நானே ஒத்துக்கிட்டேன், கையெழுத்தும் போட்டேன். அவருக்கு வேல மிச்சம்தானே. அப்பறம் எதுக்கு அந்த வெயில்ல எனக்காக அலைஞ்சாரு?"

கேட்டேன். வக்கீல் பேனாவை மூடி வைத்தார். என்னைப் பார்க்காமல் நேராகச் செல்வத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நீ செய்யாத குற்றத்துக்கு உன்னை உள்ளே அனுப்பியிருந்தால் அதுவும் ஒரு குற்றம்தான். அதைச் செய்தவன் நானாக இருந்திருப்பேன். எனக்காக அதை ஏற்றுக்கொள்ள என் அறையில் ஆள் கிடையாது."

எத்தனையோ கொலை வழக்குகளைக் குரல் மாறாமல் மொழிபெயர்த்தவள் நான். அந்தச் சின்ன வாக்கியங்களைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. தண்ணீரை எடுத்துக் குடித்தேன். மறுபடி திறந்தேன். அப்போதும் வரவில்லை. இரண்டு பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

செல்வம் குனிந்து என் கண்ணில் வழிந்ததைப் பார்த்தார். பிறகு வக்கீல் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த இந்தியில், ஒரு சொல் விடாமல் தன் கடமையைச் செய்தார்.

"சார், மேடம் ரோத்தா ஹை."